துப்பாக்கியின் வாயை அடக்கியவர்

ஹிராம் பெர்சி மாக்சிம் வாழ்க்கைக் கதை

ஒகேனக்கல்லில் காவிரி விழும் இரைச்சல் வெகு தூரத்துக்குக் கேட்கும். பக்கத்தில் நின்று பேசினால் காதில் விழாது.

அதே காவிரி, பூம்புகாரில் கடலோடு கலக்கும் இடத்தில் போய்ப் பாருங்கள். சத்தமே இருக்காது. சிற்றோடை போல ஒடுங்கி, அலையோடு அலையாகச் சேர்ந்து விடும்.

அந்த வேகம் எங்கே போயிற்று?

முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்தது. கல்லணையில் வெண்ணாறும் புது ஆறும் பிரிந்தன. அப்புறம் கிளை ஆறு, வாய்க்கால், மதகு, மடை என்று பிரிந்து பிரிந்து, தஞ்சைத் தரணி முழுவதும் சுற்றி, இருந்த வேகத்தை எல்லாம் வழியிலேயே செலவழித்து விட்டது. ஒரே வாய் வழியாகப் பாய்ந்தால்தான் இரைச்சல். பல இடத்தில் தடுத்துச் சுற்ற விட்டால் சாது.

துப்பாக்கிக் குழாயிலிருந்து வெடித்துக் கொண்டு வரும் புகையையும் இப்படித் தடுத்துச் சுற்ற விட்டால் என்ன?

இப்படி ஒருவர் யோசித்தார். அவர் காவிரியைப் பார்த்தவர் அல்ல. அமெரிக்கர். பெயர், ஹிராம் பெர்சி மாக்சிம். துப்பாக்கி சைலன்ஸரைக் கண்டு பிடித்தவர் அவர்தான்.

சத்தம் போட்ட அப்பா

மாக்சிம் என்ற பெயரைக் கேட்டதும் உலகம் நடுங்கிய காலம் ஒன்று உண்டு. ஆனால் அந்த நடுக்கத்துக்குக் காரணம் மகன் அல்ல, தகப்பனார்.

தகப்பனாரின் பெயர் ஹிராம் ஸ்டீவன்ஸ் மாக்சிம். 1840-ம் ஆண்டில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஆனால் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அதை விடச் சிறந்ததாக ஒன்றைச் செய்து விடுவார். மின்சார விளக்கில் எடிசனோடு போட்டி போட்டவர்களில் அவரும் ஒருவர்.

1881-ம் ஆண்டில் அவர் பாரிஸ் மாநகரில் நடந்த மின்சாரக் கண்காட்சிக்குப் போனார். போனவர் திரும்பிக் குடும்பத்தோடு வாழவில்லை. மனைவியையும், மகனையும், இரண்டு பெண் குழந்தைகளையும் அமெரிக்காவில் விட்டு விட்டு, லண்டனிலேயே தங்கி விட்டார். அங்கே வேறொரு பெண்ணுடன் குடும்பம் நடத்தினார்.

லண்டனில்தான் அவர் தம்முடைய இயந்திரத் துப்பாக்கியைச் செய்தார். ஆண்டு 1884. குண்டு பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் அல்லவா? அந்த உதையைக் கொண்டே அடுத்த குண்டைத் தானாக ஏற்றிக் கொள்ளும்படி செய்து விட்டார். நிமிடத்துக்கு சுமார் 600 குண்டுகள்!

1898-ல் சூடான் நாட்டில் ஓம்டுர்மன் என்ற இடத்தில் நடந்த போரில், ஒரு பகல் முடிவதற்குள் சுமார் பத்தாயிரம் பேர் மடிந்தார்கள். அவர்களை வீழ்த்திய ஆயுதங்களில் மாக்சிம் துப்பாக்கியும் ஒன்று. இந்தியாவிலிருந்து திபெத்துக்குப் போன பிரிட்டிஷ் படையும் 1904-ல் அதைக் கொண்டு போயிற்று.

அவருக்கு “சர்” பட்டம் கிடைத்தது. பணம் கிடைத்தது. காது மட்டும் போய் விட்டது.

ஆம். ஓயாமல் தம் துப்பாக்கிகளின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, கடைசிக் காலத்தில் அவருக்குக் காது அடியோடு கேட்கவில்லை.

தனியே வளர்ந்த பையன்

மகன் பெர்சி 1869-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி, நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் பிறந்தவர். அப்பா கப்பலேறியபோது பையனுக்குப் பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

அப்பா என்றால் அவனுக்கு உயிர். அவர் சாதாரண அப்பா அல்ல. வேடிக்கை காட்டுவார், குறும்பு செய்வார், வீட்டையே ஆராய்ச்சிக் கூடமாக்கி விடுவார். அப்படிப்பட்டவர் திடீரென்று இல்லாமல் போனால் எப்படி இருந்திருக்கும்! வளர்த்தது அம்மாதான்.

பையன் படிப்பில் புலி. மாசச்சூசெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தில் சேர்ந்து 1886-ல் பட்டம் பெற்று விட்டான். அப்போது வயது 16! வகுப்பிலேயே இளையவன் அவன்தான்.

பிறகு குண்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றிலும் வேலை பார்த்தார். மாக்சிம் வீட்டுப் பிள்ளைகளை வெடி மருந்து விடுவதே இல்லை போலும். சித்தப்பா ஹட்சன் மாக்சிம் புகையில்லாத வெடி மருந்து செய்தவர்; 1894-ல் நடந்த ஒரு வெடி விபத்தில் இடது கையையே இழந்தவர்.

காலித் தோட்டாவில் பெட்ரோல்

பெர்சிக்கு ஆசை வேறு இடத்தில் இருந்தது. 1892-ல் ஒரு நாள் இரவு சைக்கிளில் வீடு திரும்பிக் கொண்டிருந்தார். காலால் மிதிப்பதற்குப் பதில் ஒரு சின்ன இயந்திரம் மிதித்தால் என்ன என்று தோன்றியது. மோட்டார் வண்டி என்பது ஐரோப்பாவில் சிலர் செய்து பார்த்துக் கொண்டிருந்த காலம். அது பெர்சிக்குத் தெரியாது.

தொழிற்சாலை மூடிய பிறகு, ஒரு பீரங்கியின் காலித் தோட்டாவை எடுத்தார். அதில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டார். மரக்கட்டையால் வாயை அடைத்து, உருட்டி, பிறகு தீக்குச்சியைக் காட்டினார். வெடித்த வெடியில் அவரே மிரண்டு போனார். சில சொட்டில் இவ்வளவு சக்தியா!

மூன்று ஆண்டு உழைத்து, ஒரு மூன்று சக்கர வண்டியை ஓட வைத்தார். ஹார்ட்போர்டு நகரிலிருந்த போப் கம்பெனியார் 1895-ல் அவரை அழைத்து வேலை கொடுத்தார்கள். பெட்ரோல் வண்டியும் செய்தார். மின்சார வண்டியும் செய்தார். 1898-ல் ஜோசபைன் ஹாமில்டன் என்ற பெண்மணியை மணந்தார். அவர் மேரிலாண்டு மாநில முன்னாள் கவர்னரின் மகள். ஹார்ட்போர்டே பெர்சிக்குச் சொந்த ஊர் ஆயிற்று.

குளியல் தொட்டியில் கண்ட சுழி

பெர்சிக்குக் குறி பார்த்துச் சுடுவதில் விருப்பம் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொல்லை. அந்தச் சத்தத்தை எப்படிக் குறைப்பது?

ஒரு நாள் குளித்து விட்டு எழுந்தார். தொட்டியின் அடைப்பை எடுத்ததும், தண்ணீர் சுழித்துக் கொண்டு துவாரத்தில் இறங்கியது. சுழியின் நடுவே பார்த்தால் வெறும் ஓட்டை! தண்ணீர் நேராக விழவில்லை. சுற்றிச் சுற்றித் தாமதமாகவே இறங்கிற்று. இதிலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள்.

துப்பாக்கி ஏன் சத்தம் போடுகிறது? உள்ளே வெடி மருந்து எரிந்து ஆவியாகிறது. அந்த ஆவி குண்டைத் தள்ளிக் கொண்டு வருகிறது. குண்டு வெளியேறியதும், அடைபட்டிருந்த ஆவி ஒரே மூச்சில் காற்றின் மீது மோதுகிறது. அந்த மோதல்தான் டமால்.

பெர்சி ஓர் உருளைக் குழாய் செய்தார். அதைத் துப்பாக்கி முனையில் திருகினார். உள்ளே வளைந்த தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு துவாரம். குண்டு துவாரங்கள் வழியே நேராகப் போய் விடும். ஆவியோ தகடுகளில் சிக்கி, சுழன்று, ஆறி, மெதுவாகக் கசியும். குண்டுக்கு நேர் வழி, ஆவிக்குச் சுற்று வழி!

1909-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மாக்சிம் சைலன்ஸர் கம்பெனி பிறந்தது. தபாலில் எழுதிப் போட்டால் வீட்டுக்கே வந்து விடும். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டும் தம் வின்செஸ்டர் துப்பாக்கியில் அதைப் பூட்டிக் கொண்டார். ராணுவமும் சோதித்துப் பார்த்துக் கொஞ்சம் வாங்கியது.

முதலில் செய்ததில் ஒரு குறை இருந்தது. உருளை பருமனாக இருந்ததால், குறி பார்க்கும் முனையை அது மறைத்தது. அடுத்து வந்த மாதிரியில் துவாரத்தை உருளையின் நடுவே வைக்காமல் மேலே தள்ளி வைத்தார். பருமன் எல்லாம் குழாய்க்குக் கீழே போயிற்று. பார்வை தப்பியது.

எந்தத் துப்பாக்கிக்கு எது?

ஒரே சைலன்ஸர் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தாது. குண்டின் அளவை விடத் துவாரம் கொஞ்சமே பெரிதாக இருக்க வேண்டும். ரொம்பப் பெரிதானால் ஆவி நேரே ஓடி விடும். சிறிதானால், அல்லது ஒரு மயிரிழை கோணலாகத் திருகினால், குண்டு தகட்டில் இடித்துக் கருவியே சிதறும்.

குழாய் நீளமும் முக்கியம். நீளமான குழாயில் மருந்து முழுவதும் எரிந்து, ஆவி விரிந்து, ஓரளவு களைத்தே வெளியே வரும். குட்டைக் குழாயில் அப்படி அல்ல. மருந்து எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே வந்து விடும். பின்னால் வரும் ஆவி கொதிப்போடும் வெறியோடும் வரும். சத்தம் அதிகம், நெருப்பும் அதிகம்.

மேட்டூர் மதகடியில் தண்ணீரைத் தடுப்பதும், கடைமடையில் தடுப்பதும் ஒன்றா? கடைமடையில் ஒரு கை மண் போதும். மதகடியில் கருங்கல்லும் நிற்காது. குட்டைக் குழாய்த் துப்பாக்கிக்குச் சைலன்ஸர் பூட்டுகிறவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். முதல் தகடுதான் முழு அடியையும் வாங்கும். அது கெட்டியான, சூடு தாங்கும் உலோகமாக இருக்க வேண்டும். உருளைக்குள் இடமும் தாராளமாக வேண்டும். இடம் வேண்டுமானால் உருளை நீளும். கைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று குழாயைக் குட்டையாக்கியவருக்கு, துப்பாக்கி மறுபடியும் நீளமாகி விடும்! எவ்வளவு நீளம், எவ்வளவு பாரம், எவ்வளவு அமைதி என்று கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொரு தடை உண்டு. அதை மாக்சிமாலும் வெல்ல முடியவில்லை. ஒலி ஒரு விநாடிக்கு சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. அதை விட வேகமாகப் போகும் குண்டு, காற்றைக் கிழித்துக் கொண்டு தானாகவே ஒரு சாட்டைச் சத்தம் போடும். அதை எந்தச் சைலன்ஸரும் அடக்காது.

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் டி லைல் என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். குட்டைக் குழாய், பெரிய உருளை, ஒலியை விட மெதுவாகப் போகும் கனமான குண்டு. மூன்றையும் சேர்த்தார். நூற்றுச் சொச்சம் துப்பாக்கிகளே செய்தார்கள். தமிழர்கள் ரப்பர் பால் எடுத்த மலேயாவில், 1948-ல் தொடங்கிய அவசர நிலைக் காலத்தில், அவற்றில் சில பயன்பட்டன.

சினிமாவில் வில்லன் ஒரு குழாயைத் திருகி, ‘புஸ்’ என்று சுடுவான். பக்கத்து அறையில் இருப்பவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அது சினிமா! சாதாரணத் துப்பாக்கி வேட்டு சுமார் 160 டெசிபல். நல்ல சைலன்ஸர் அதில் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். மிச்சமிருப்பதே தெருவை எழுப்பப் போதும். அதிலும் வில்லன் கையில் சுழல் துப்பாக்கி இருந்தால் சிரிக்கலாம். அதன் சுழலும் பகுதிக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகவே பெரும்பாலும் சத்தம் வந்து விடும்.

கெட்ட பெயர்

கருவி வெளியான நாளிலிருந்தே எதிர்ப்பும் கிளம்பியது. கொலைகாரனுக்கு இது வரப்பிரசாதம் ஆகி விடாதா என்று கேட்டார்கள். சில மாநிலங்கள் தடை போட்டன. காதைக் காப்பாற்றச் செய்த கருவி கள்ளத்தனத்தின் அடையாளம் ஆகி விட்டது. அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் உண்மையை விடக் கதைகளே அந்தப் பயத்தை வளர்த்தன.

அமெரிக்காவில் கள்ளச் சாராயக் கும்பல்கள் ஆட்டம் போட்ட காலம் வந்தது. 1934-ல் சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. இயந்திரத் துப்பாக்கி, குட்டைக் குழாய்த் துப்பாக்கி, சைலன்ஸர் மூன்றையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. கை மாறினால் பதிவு செய்ய வேண்டும். 200 டாலர் வரி கட்ட வேண்டும். அந்நாளில் சைலன்ஸரின் விலையைப் போல் அது பல மடங்கு! தகப்பனாரின் துப்பாக்கிக்கும் மகனின் கருவிக்கும் ஒரே விலங்கு. 90 ஆண்டுகளுக்குப் பிறகு, 2025-ல் செய்த சட்டத்தால் 2026 ஜனவரி முதல் சைலன்ஸருக்கும் குட்டைக் குழாய்க்கும் அந்த வரி நீங்கியது. பதிவு மட்டும் நீங்கவில்லை.

ஆனால் 1934-ம் ஆண்டுச் சட்டம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பெர்சியின் கம்பெனி துப்பாக்கிக்குச் சைலன்ஸர் செய்வதை நிறுத்தி விட்டது. அவர் மனம் வேறு சத்தங்களின் மேல் திரும்பி இருந்தது. தொழிற்சாலை இயந்திரங்கள், கப்பல் இயந்திரங்கள், காற்றுக் குழாய்கள்! தெருச் சத்தத்தைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் ஜன்னல் கருவிகூடச் செய்தார்கள்.

மோட்டார் வண்டிக்குச் சைலன்ஸரை முதலில் செய்தவர் பெர்சி அல்ல. 1897-லேயே அமெரிக்காவில் ரீவ்ஸ் என்பவர்கள் அதற்குக் காப்புரிமை பெற்று விட்டார்கள். எனினும் தத்துவம் ஒன்றுதான். வயலில் ஓடும் ஆயில் எஞ்சினின் சைலன்ஸரைக் கழற்றி விட்டுப் பாருங்கள். அடுத்த ஊர்க்காரர் சண்டைக்கு வருவார்.

காற்றில் பேசிய நண்பர்கள்

சத்தத்தை அடக்கியவருக்குக் கடைசியில் சத்தத்தின் மீதே காதல் வந்தது! அதற்குக் காரணம் அவருடைய பிள்ளை.

மகனுக்குக் கம்பியில்லாத் தந்தியில் ஆசை. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது வயதுக்கு மேல் பையனோடு பையனாகத் தந்தி தட்டப் பழகினார். தமக்கு வாய்க்காத அப்பாவாகத் தம் பிள்ளைக்கு அவர் இருந்தார்.

1914 ஏப்ரலில், பக்கத்து ஊரான ஸ்பிரிங்பீல்டுக்கு ஒரு செய்தி அனுப்பப் பார்த்தார். முப்பது மைல்கூட இராது. எட்டவில்லை. நடு வழியில் ஒரு நண்பர் இருந்தார். அவர் அதை வாங்கி, மறுபடி தட்டி அனுப்பினார். போய்ச் சேர்ந்தது!

கை மாற்றிக் கை மாற்றி நாடு முழுவதும் செய்தி அனுப்பலாமே! கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞரோடு சேர்ந்து, அதே ஆண்டில் அமெரிக்க ரேடியோ அஞ்சல் சங்கத்தை ஆரம்பித்தார். முதல் உலகப் போரின்போது சர்க்கார் தனியார் ரேடியோக்களின் வாயை அடைத்தது. போர் முடிந்த பிறகும், ரேடியோவைக் கடற்படையே வைத்துக் கொள்ளப் பார்த்தது. பெர்சி வாஷிங்டனுக்குப் போய் வாதாடினார். 1919-ல் தடை நீங்கியது. இரண்டே ஆண்டில் அமெரிக்கப் பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களின் குரல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஸ்காட்லாந்தில் கேட்டது. 1925-ல் பாரிஸில் உலக ரேடியோ நண்பர் சங்கம் கூடியபோது, தலைவராக அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அப்பாவை அவரிடமிருந்து பறித்துக் கொண்ட அதே பாரிஸ்!

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்ததே, நினைவிருக்கும். பூம்புகார் கரையையும் அது விடவில்லை. அன்று அந்தமானில் தந்தி, டெலிபோன் எல்லாம் அறுந்து போயின. பொழுதுபோக்குக்காகப் போர்ட் பிளேருக்கு ரேடியோ கொண்டு போயிருந்த ஒரு சிறு குழுவினர்தான், உயிரோடு இருப்பவர்களின் செய்தியை வெளி உலகுக்குக் கை மாற்றிச் சொன்னார்கள். பெர்சி போட்ட வழி அது.

கடைசிப் பயணம்

சொந்தமாகச் சினிமாப் படம் எடுப்பவர்களுக்கும் 1926-ல் ஒரு சங்கம் வைத்தார். நட்சத்திரங்களையும் ஆராய்ந்தார். வேறு உலகங்களில் உயிர் உண்டா என்று ஒரு புத்தகமே எழுதினார்.

1936-ம் ஆண்டு பிப்ரவரியில், மனைவியோடு மேற்கு நோக்கி ரயிலில் புறப்பட்டார். வழியில் உடல் நலம் கெட்டது. கொலராடோ மாநிலத்தில் லா ஹுண்டா என்ற ஊரில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிப்ரவரி 17-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 66.

அதே ஆண்டில் அவர் எழுதிய இன்னொரு புத்தகமும் வெளிவந்தது. துப்பாக்கியைப் பற்றியது அல்ல. ரேடியோவைப் பற்றியதும் அல்ல. விட்டுப் போன அப்பாவைப் பற்றியது!

அதில் கோபம் இல்லை. ஒரு சிறுவனின் கண்ணால் பார்த்த அப்பா மட்டும் இருக்கிறார். அவர் செய்த குறும்புகள், காட்டிய வேடிக்கைகள், போட்ட கூச்சல்கள் எல்லாம் இருக்கின்றன. படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1946-ல், ஹாலிவுட்டில் அதைப் படமாக்கினார்கள். அப்பா வேடத்தில் டான் அமீச்சி நடித்தார். அம்மா வேடத்தில் மிர்னா லாய்.